மூச்சுக் கணக்கு

மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறையைத் தாண்டிக் கடலோரமாகக் கிடக்கும் எங்கள் கொண்டச்சி ஒரு காலத்தில் உலகறிந்த ஊர். 1803ஆம் ஆண்டு வெளிவந்த ரொபேட் பேர்சிவல் என்பாரின் இலங்கை பற்றிய ஆங்கில நூலில், கொண்டச்சிக் குடாவில் நடைபெற்ற முத்துக்குளிப்பு விரிவாக வருணிக்கப்பட்டுள்ளது. முத்துக்குளிப்பு நடக்கும் சில வாரங்களுக்கு மட்டும் வெறும் மணல்வெளி நகரமாகிவிடும். பருவம் முடிந்ததும் நகரம் மீண்டும் மணலாகிவிடும். அந்தத் தொழிலைக் கண்காணிக்கத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடுகளை, 'அல்லிராணிக் கோட்டை' என்ற பெயரால் இன்றும் நம் மக்கள் சுட்டுகின்றனர். 1925ஆம் ஆண்டோடு அந்தப் பெரிய முத்துக்குளிப்புகள் முடிவுக்கு வந்தன.

முத்துக்குளிப்பவனைப் பற்றி எண்ணும்போது அவனுடைய துணிச்சலைத்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்கோ அவனுடைய கணக்கே பெரிதாகத் தோன்றுகிறது. நள்ளிரவில் நிலக்காற்றைப் பார்த்துத் தோணிகள் புறப்படும். நண்பகலில் கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்பும். தண்டலின் தோணியில் பத்துப் பேர் குளிப்பவர்கள் இருந்தால், ஐந்து பேர் இறங்க, ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். கனத்த கல்லில் கால் வைத்து, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்திற்கு இறங்குபவனிடம் இருப்பது ஒரே ஒரு மூச்சு. அது ஒரு நிமிடத்துக்குக் காணும்; மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்துக்குக் காணும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் அந்த நேரம் முழுவதும் வேறெதையும் பார்க்கமாட்டான். மூச்சு எவ்வளவு இருக்கிறது, வேலை எவ்வளவு இருக்கிறது, கயிறு யார் கையில் இருக்கிறது என்ற மூன்றையும் அறியாமல் ஒருவனும் நீரில் இறங்கியதில்லை.

இந்த மூன்று கேள்விகளும் இக்காலத்தில் வேறொரு வகையினருக்கு மிகவும் வேண்டியவையாகிவிட்டன. நுரையீரல் நோயினால் பிராணவாயுவின் துணையோடு வாழும் நம் வீட்டுப் பெரியவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் கடற்பிரயாணம் செய்யலாமா, செய்வதாயின் எப்படி ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதை என் ராத்தாவை முன்னிட்டு நான் கற்றுக்கொண்டவாறு இங்கே எழுதுகிறேன்.

ராத்தாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. புகைத்தல் என்பது அவர் வாழ்நாளில் அறியாத ஒன்று. ஆயினும் விறகடுப்பின் முன்னால் அரை நூற்றாண்டு இருந்தவர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஓலைக் குடிசைகளில், சாளரமில்லாத சமையல் மூலைகளில், ஈர விறகையும் தென்னம் மட்டையையும் ஊதி ஊதியே அவர் தம் பிள்ளைகளை ஆளாக்கினார். ஊர் திரும்பிய பின்னர், நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்று வைத்தியர் பெயர் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 35 இலட்சம் பேர் இந்நோயால் இறந்திருக்கின்றனர். புகைத்தலைப் போலவே வீட்டு அடுப்பின் புகையும் இதற்கு ஒரு பெருங் காரணம் என்பதை நம் குடும்பங்கள் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

அந்த ராத்தாவுக்குப் பழைய ஆசை ஒன்று இருந்தது. எங்கள் வாப்பா சிறு வியாபாரி. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் இந்தியாவுக்குள் போய்ச் சரக்கெடுத்து வருவார். 1914ஆம் ஆண்டு தொடங்கிய அந்தக் கப்பல் வழி ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தூரந்தான். "அடுத்த முறை உன்னையும் கூட்டிப்போய் நாகூரைக் காட்டுகிறேன்" என்று பத்து வயதுப் பெண்ணுக்கு வாப்பா வாக்களித்திருந்தார். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையே கடலுக்குள் இழுத்துக்கொண்டது. பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிற்று. ராத்தாவுக்கோ கலியாணம், பிள்ளைகள். அதன் பின்னர் யுத்தம் வந்தது. அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று.

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி பிரயாணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாட்களில் நின்றது; 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆந் திகதி 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கிற்று; மழைக்காலத்தில் ஓய்ந்து 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் ஓடியது. பத்திரிகையில் இச்செய்தியைப் படித்த அன்று ராத்தா என்னை அழைத்தார்.

"தம்பி, வாப்பா சொன்ன நாகூருக்கு இனியாவது போகலாமா?"

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் மறுத்தார்கள். மூக்கில் குழாயோடு கடலில் போவதா, நடுக்கடலில் ஏதாவது நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் கேட்டார்கள். ராத்தா கோபிக்கவில்லை. "வீட்டிலே கிடந்தாலும் மூச்சு வாங்கத்தான் போகிறது, கடலைப் பார்த்துக்கொண்டு வாங்கட்டுமே" என்றார். மறுத்தவர்கள் அன்பினால்தான் மறுத்தார்கள். ஆனால் அந்த அன்பு ஒருவரை ஒரே அறையில் அடைத்துவைக்கும் பூட்டாகவும் ஆகிவிடுகிறதே என்று எனக்குத் தோன்றிற்று. ஆகவே ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், முதலில் கணக்குப் பார்ப்போம் என்று தீர்மானித்தேன்.

முதலாவது கணக்கு வைத்தியருடையது. பிரயாணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ராத்தாவை அழைத்துச் சென்றேன். அவர் சொன்ன முதல் செய்தி எங்களுக்குத் தைரியம் தந்தது. ஆகாய விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளதைப் போல் இருப்பதில்லை. 8000 அடி வரை உயரமான ஒரு மலைமேல் இருப்பதற்குச் சமமாக அது குறையக்கூடும். அந்நிலையில் சுவாசிக்கும் காற்று, தரையில் 21 வீதத்துக்குப் பதிலாக 15 வீதம் பிராணவாயுவே உள்ள காற்றைப் போலாகிவிடும். கப்பலோ கடல் மட்டத்திலேயே செல்வது. காற்று வீட்டில் உள்ள காற்றேதான். மூச்சு நோயாளிக்கு இது பெரிய அனுகூலம். ஆனால் நடுக்கடலில் பெரிய வைத்தியசாலை இல்லை என்பது பிரதிகூலம். நோய் சில வாரங்களாக நிலையாக இருக்கிறதா, அண்மையில் சளிக்காய்ச்சல் வந்ததா, தடுப்பூசிகள் போடப்பட்டனவா என்பவற்றைப் பார்த்தே அவர் சம்மதம் தந்தார்.

அவரிடம் ஒரு கடிதமும் கேட்டு வாங்கினோம். அதில் நோயின் பெயர், அமர்ந்திருக்கும்போது, நடக்கும்போது, உறங்கும்போது வேண்டிய பிராணவாயுவின் அளவுகள், மருந்துகளின் வணிகப் பெயரன்றி இரசாயனப் பெயர்கள், இருக்க வேண்டிய ஒட்சிசன் நிலை ஆகியன எழுதப்பட்டிருந்தன. ராத்தாவுக்கு அந்த நிலை 88 முதல் 92 வீதம். விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஒக்சிமீற்றர் 90 என்று காட்டினால் பதறிப்போய்க் கருவியைக் கூட்டிவிடக்கூடாது. இந்நோயாளர் சிலருக்குப் பிராணவாயு மிகுந்தால் இரத்தத்தில் கரியமிலவாயு சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும் என்று வைத்தியர் எச்சரித்தார். கடல் மயக்கத்துக்கான மாத்திரைகளில் சில உறக்கத்தைத் தருபவை. அவற்றையும் அவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு கருவியுடையது. பிராணவாயுவைச் சிலிண்டரில் அடைத்துக் கொண்டுபோகலாம். அல்லது செறிவூட்டி என்னும் இயந்திரத்தினால் காற்றிலிருந்தே பெறலாம். 680 லீற்றர் கொண்ட ஒரு சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் 340 நிமிடங்களுக்கு, அதாவது 5 மணி 40 நிமிடங்களுக்குத்தான் வரும். இரண்டு நாட்களுக்கு அப்படிப்பட்டவை ஒன்பது வேண்டும்! செறிவூட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைதரசனை ஸியோலைட் என்னும் கனிமத் துகள்களில் பிடித்து நிறுத்தி, 90 வீதத்துக்கு மேற்பட்ட பிராணவாயுவை அது வெளியிடுகிறது. இதை எங்களுக்கு விளக்கியது உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் ராத்தாவின் பேத்தி. பள்ளிக்கூடத்துப் பாடம் உம்மம்மாவின் மூக்குவரை வந்து சேர்ந்ததில் அவளுக்கு ஒரே பெருமை.

கையில் எடுத்துச் செல்லும் சிறு செறிவூட்டிகளில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அவற்றிற் பல, மூச்சை உள்ளே இழுக்கும் கணத்தில் மட்டும் பிராணவாயுவைத் தருபவை. அவற்றில் '2' என்று குறித்திருப்பது நிமிடத்துக்கு 2 லீற்றர் என்று பொருள்படாது. உறக்கத்தில் மூச்சு மெலிந்தாலோ, வாயால் மூச்சு விட்டாலோ, சில கருவிகள் அதனை உணராமற் போகவுங் கூடும். ஆகையால் அதே கருவியை மாட்டிக்கொண்டு நடந்தும், உறங்கியும், ஒக்சிமீற்றர் என்ன காட்டுகிறது என்று வைத்தியர் முன்னிலையில் பார்த்துவிட வேண்டும். ராத்தாவுக்குப் பகலில் சிறு கருவி போதுமென்றும், இரவில் இடைவிடாது தரும் பெரிய கருவியே வேண்டுமென்றும் தெரியவந்தது. ஆகவே நாகூரில் தங்குமிடத்துக்கு ஒரு பெரிய செறிவூட்டியையும் ஒரு சிலிண்டரையும் வாடகைக்கு ஒழுங்கு செய்யும்படி அங்குள்ள உறவினருக்கு எழுதினோம். அவை வந்து சேர்ந்து, இயங்குகின்றன என்ற செய்தி கிடைத்த பின்னரே பிரயாணச் சீட்டு வாங்கினோம்.

மூன்றாவது கணக்கு பற்றரியுடையது. கொண்டச்சியிலிருந்து காங்கேசன்துறை வரை வானில் போகும்போது வண்டியிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம். அதற்கப்பால் துறைமுகத்தில் காத்திருக்க 3 மணி, கடலில் 4 மணி, அக்கரையில் சுங்கத்தையும் குடிவரவையும் கடக்க 2 மணி, ஆக 9 மணி நேரம். விமான நிறுவனங்கள் பல, பிரயாண நேரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குப் பற்றரி கொண்டுவரச் சொல்வது வழக்கம். அந்த விதியை நாங்களும் மேற்கொண்டோம், பதின்மூன்றரை மணியாயிற்று. கருவியோடு வந்த புத்தகம் ஒரு பற்றரி 4 மணி நேரம் வரும் என்றது. வீட்டில் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தோம். மூன்றரை மணிதான் வந்தது. நான்கு பற்றரிகள் இருந்தால் பதினான்கு மணி. அச்சடித்ததை நம்பாமல் அளந்து பார்த்த கணக்கு என்பதால் அதில் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது.

நான்காவது, எழுத்து வேலை. கப்பலுக்குப் பொறுப்பானவர்களிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. கருவியின் பெயரையும் பற்றரிகளின் எண்ணிக்கையையும் எழுதியனுப்பி, அனுமதியையும் எழுத்திலேயே பெற வேண்டும். மருத்துவக் கருவி சாமான் நிறையில் சேருமா, சக்கர நாற்காலி கிடைக்குமா, ஏறும் வழியில் படிகள் எத்தனை, விசா அந்தத் துறைமுகத்தின் வழியாக நுழையச் செல்லுபடியாகுமா என்ற கேள்விகளையும் முன்கூட்டியே கேட்பது நல்லது. மருந்துகள், இன்ஹேலர், பற்றரிகள், கடிதத்தின் இரண்டு பிரதிகள் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. பெட்டி ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம்.

கடைசியாக, கயிறு யார் கையில்? என் மருமகளும் பேத்தியும் நானும் கருவியை இயக்கவும், பற்றரி மாற்றவும், எச்சரிக்கை ஒலிகளை அறியவும் பழகினோம். மின்விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே பற்றரி மாற்றிப் பார்த்தோம். புகைப்பவர் அருகே போகக்கூடாது, நெருப்பை அண்டக்கூடாது, மூக்கு வறண்டால் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைப் பூசாமல் வைத்தியர் தந்த நீர்ப்பசைக் களிம்பையே பூச வேண்டும் என்ற விதிகளை ஒரு தாளில் எழுதிப் பையில் ஒட்டினாள் பேத்தி.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில், நோன்புப் பெருநாள் முடிந்த பின், கடல் அமைதியாக இருந்த ஒரு நாளில் நாங்கள் கப்பலேறினோம். சொல்வதற்கு அதிசயம் எதுவும் நிகழவில்லை. அதுவே இந்தக் கட்டுரையின் சிறப்பு என்று கருதுகிறேன். கருவியை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைக்காமல், அதன் காற்றுத் துவாரம் துணியால் மூடப்படாமல் பார்த்துக்கொண்டோம். ராத்தா கண்ணாடி வழியே கடலைப் பார்த்தபடியே இருந்தார். இடையிலொரு முறை, "வாப்பாவுக்கு இந்தக் கடல் எத்தனை பழக்கமாயிருந்திருக்கும்!" என்றார். மூன்றாவது பற்றரி முடியுமுன்பே நாகூர் வந்துவிட்டோம்.

இரண்டாம் இரவு ஒன்று நடந்தது. நடுச்சாமத்தில் மின்சாரம் நின்று, பெரிய கருவி கூவத் தொடங்கிற்று. பேத்தி எழுந்து கைவிளக்கை எடுத்தாள். நான் சிலிண்டரைத் திறந்தேன். மருமகள் குழாயை மாற்றினாள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. ராத்தா கண் விழித்து, "என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பி உறங்கிவிட்டார். இருட்டில் பழகிய பாடம் இருட்டில் உதவிற்று. அந்தச் சிலிண்டர் இல்லாமலிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணியபடி நான் விடியும்வரை விழித்திருந்தேன்.

ஊர் திரும்பி ஒரு மாதங்கூட ஆகவில்லை. ராத்தாவுக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் வந்ததை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அத்தகைய கப்பலில் இரவு பல தங்க வேண்டியிருப்பதால் கணக்கும் விரிகிறது. விசாரித்து அறிந்தவற்றை, வேறு குடும்பங்களுக்கும் பயன்படும் என்று இங்கே சேர்க்கிறேன்.

பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் செறிவூட்டிக்கு இடமுண்டு. ஆனால் சீட்டுப் பதியும்போதே அறிவிக்க வேண்டும். திரவ நிலையிலுள்ள பிராணவாயுவைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கப்பலில் வைத்தியரும் சிறு மருத்துவ நிலையமும் இருப்பதுண்டு. அங்குள்ள பிராணவாயு அவசர நேரத்துக்கானது; நாள்தோறும் நாம் பாவிப்பதற்கன்று. கட்டிலருகே மின் இணைப்பு உண்டா, அதன் வோல்ற்று எவ்வளவு, பிளக் எந்த வடிவம் என்று கேட்க வேண்டும். நம் வீட்டு 13 அம்பியர் பிளக் அங்கே பொருந்தாமற் போகலாம். நீட்டிப்பு வயர்களைச் சில கப்பல்களில் தடுத்துவிடுவார்கள். அறை, மின்தூக்கிக்கு அண்மையில் இருப்பது நலம். கப்பல் துறைமேடையோடு அணையுமா, அல்லது சிறு படகில் இறங்கிக் கரைசேர வேண்டுமா என்பதை ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும். ஆபத்துக் காலப் பயிற்சிக்கு அழைக்கும்போது கருவியும் ஒரு நிறைந்த பற்றரியும் கூடவே செல்ல வேண்டும். பிரயாணக் காப்புறுதியில் நோயை மறைக்காமல் எழுதி, கப்பலிலிருந்து கரைக்கு நோயாளியைக் கொண்டுசெல்லும் செலவும் அதில் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மறைத்து வாங்கிய காப்புறுதி வேண்டிய நாளில் கைகொடாது.

எல்லா நோயாளரும் கடலேறலாம் என்று நான் சொல்லவில்லை. வைத்தியர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கணக்குப் பார்த்த பின்பு பொருந்தவில்லையென்றால், அதனையும் அந்தப் பெரியவரிடமே எடுத்துச் சொல்லி, இருவருமாக முடிவு செய்யலாம். கணக்கே பாராமல் "உங்களுக்கேன் இந்த வயதில்?" என்று கேட்டு வாயடைப்பதைத்தான் நான் மறுக்கிறேன். நோயின் பெயரால் ஒருவருடைய உலகத்தைச் சுருக்கிவிடுவது எளிது. ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் அமர்வது சற்றே சிரமமான காரியம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அந்தப் பென்சிலை அவர்களிடம் கொடுங்கள். லீற்றரும் நிமிடமும் வோல்ற்றும் வெறும் பரீட்சைக்குரியவை அல்ல என்பதை அவர்கள் அப்போது அறிந்துகொள்வார்கள்.